பெயரைக் கடன் வாங்குங்கள், வினையை வாங்காதீர்கள்



பெற்றோர் சிலரும் ஆசிரிய நண்பர் சிலரும் ஒரே பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்கின்றனர். “வீட்டில் தமிழ் பேசத்தான் விரும்புகிறோம். ஆனால், இக்காலத்துப் பொருளுக்கெல்லாம் தமிழில் சொல் இல்லையே, என்ன செய்வது?” என்பதே அப்பல்லவி. இதனை நான் முற்றாக மறுக்கிறேன். மறுப்பதற்கு இலக்கியத்தைத் துணைக்கு அழைக்கப் போவதில்லை. வீட்டு அடுக்களையில் தூள் பூசிப் பொரிக்கும் ஒரு பன்றி இறைச்சித் துண்டத்தையே சான்றாக வைக்கிறேன். முகம் சுளிக்காமல் படியுங்கள்.

பண்டம் யாருடையது?

மாவு, முட்டை, ரொட்டித்தூள் ஆகிய மூன்றையும் பூசி இறைச்சியைப் பொரிக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. ஆஸ்திரியாவில் அதன் பெயர் ‘ஷ்னிட்சல்’. அங்கே ‘வீனர் ஷ்னிட்சல்’ என்று வெறுமனே எழுதினால் அது கன்றிறைச்சியாக இருக்க வேண்டும். பன்றி இறைச்சியென்றால் பெயரோடு சேர்த்து அதையும் சொல்லியாக வேண்டும் என்பது அந்நாட்டு விதி. ஜப்பானில் தோக்கியோ நகரின் கின்சாப் பகுதியிலுள்ள ரெங்காத்தேய் உணவகம் 1899-இல் பன்றி இறைச்சிக் ‘காட்சுரெட்சு’வை விற்கத் தொடங்கியது. அதன் வழிவந்ததே இன்றைய ‘தொங்காட்சு’.

நம் மண்ணில் அதே பண்டம் ‘ஹைனானியப் பன்றிச் சாப்’ என்று வழங்குகிறது. ஆங்கிலேயர் இல்லங்களிலும் விடுதிகளிலும் கப்பல்களிலும் சமையல் செய்த ஹைனானியர் ஆங்கிலேயர் உணவைக் கற்றுத் தமதாக்கினர். ரொட்டித்தூளுக்குப் பதில் கிரீம் கிராக்கர் பிஸ்கட்டை இடித்துப் பூசினர். சோயா சாறும் தக்காளிச் சாஸும் கலந்து, வெங்காயமும் பச்சைப் பட்டாணியும் இட்டுக் குழம்பு ஊற்றினர். கோலாலம்பூரில் 1928 முதல் நடந்துவரும் ஹைனானியக் கடையான யுட் கீ இதற்குப் பெயர்பெற்றது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ‘கட்லெட்’ என்ற ஆங்கிலச் சொல்லே பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. விலா எலும்பைக் குறிக்கும் சொல்லில் பிறந்தது. அதை ஜப்பானியர் வாங்கிக் ‘காட்சுரெட்சு’ ஆக்கினர். பின்பு ‘காட்சு’ என்று சுருக்கி, பன்றியைக் குறிக்கும் ‘தொன்’ என்பதை முன்னே ஒட்டிக்கொண்டனர். ஆனால், எண்ணெயில் பொரிப்பதற்கு அவர்கள் சொல்வது இன்றும் ‘அகெரு’ என்னும் தம் சொந்த வினைதான். பெயரைக் கடன் வாங்கினர். வினையைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர்.

நாம் செய்வது என்ன? “எக்ல டிப் பண்ணி, பிரை பண்ணி, டிரெய்ன் பண்ணு.” இத்தொடரில் தமிழுக்கு எஞ்சியது ‘பண்ணு’ ஒன்றே! சாப் என்றோ கட்லெட் என்றோ சொல்வதால் தமிழ் அழியாது. குவாலியைக் குவாலி என்றே சொல்லுங்கள், எனக்குக் கவலையில்லை. பெயர்ச்சொல் விருந்தாளி போன்றது, வரும், தங்கும். வினைச்சொல்லோ வீட்டை நடத்துவது. அதை வெளியேற்றிவிட்டால் வீடு யாருடையது?

இவ்விடத்தில் தனித்தமிழ் அன்பர்களோடும் எனக்கு வழக்குண்டு. கட்லெட்டுக்கு மூன்று புதுச்சொல் ஆக்கிக்கொடுத்துவிட்டு, வீட்டில் பிள்ளையிடம் “பிரை பண்ணவா?” என்று கேட்பதால் பயனென்ன?

அடுக்களையில் எத்தனை வினை!

இதோ, செய்முறையைத் தமிழில் சொல்கிறேன். எண்ணிக்கொண்டே வாருங்கள்.

எலும்பில்லாத முதுகுச்சதையை ஒரு செண்டிமீட்டர் கனத்தில் அரியுங்கள். ஓரத்துக் கொழுப்பை இரண்டு மூன்று இடங்களில் கீறுங்கள். கீறாவிட்டால் சூட்டில் ஓரம் சுருங்கித் துண்டம் வளைந்துகொள்ளும். கத்தியின் பின்புறத்தால் தட்டுங்கள், தசைநார் தளரும். சோயா சாறும் வெள்ளை மிளகுத்தூளும் இட்டுப் பிசிறி, அரைமணி நேரம் ஊற விடுங்கள். பிஸ்கட்டைப் பொடியாக அரைக்காமல் குருணையாக இடியுங்கள். துண்டத்தைக் கோதுமை மாவில் புரட்டி உதறுங்கள். மாவு மேலீரத்தை உறிஞ்சிக்கொள்வதால்தான் முட்டை வழுக்காமல் பற்றும். முட்டையை அடித்து அதில் தோய்த்தெடுங்கள். பிஸ்கட் தூளில் கிடத்தி, உள்ளங்கையால் ஒற்றுங்கள். பத்து நிமிடம் ஆற விட்டால் பூச்சு படியும்.

செம்பனை எண்ணெயைக் காய்ச்சுங்கள். ஏறத்தாழ 170 முதல் 180 பாகை செல்சியஸ் வரை சூடு வேண்டும். வெப்பமானி இல்லையா? ஒரு சிட்டிகைத் தூளை எண்ணெயில் தூவிப் பாருங்கள். மூழ்கிக் கிடந்தால் எண்ணெய் காயவில்லை. உடனே கருகினால் மிகக் காய்ந்துவிட்டது. நுரைத்து மிதந்தால் பதம். ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று நிமிடம் பொன்னிறமாகப் பொரித்துத் திருப்புங்கள். எண்ணெய் போதிய சூட்டில் இருக்கும்வரை உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேறிக்கொண்டே இருக்கும். எண்ணெய் உள்ளே புகாது. சூடு தணிந்தால் பூச்சு எண்ணெய் குடித்துவிடும். எடுத்ததும் கம்பித் தட்டில் வடிய விடுங்கள். நடுப்பகுதி 63 பாகையைத் தொட்டு, அதன்பின் மூன்று நிமிடம் ஆறினால் போதும் என்பது முழுத் துண்டப் பன்றி இறைச்சிக்கு அமெரிக்க வேளாண்மைத் துறை 2011-இல் அறிவித்த அளவு.

அரி, கீறு, தட்டு, பிசிறு, ஊறு, இடி, புரட்டு, உதறு, உறிஞ்சு, அடி, தோய், கிடத்து, ஒற்று, படி, காய்ச்சு, தூவு, நுரை, மித, பொரி, திருப்பு, வடி! ஒரு துண்டம் இறைச்சியில் இருபதுக்கு மேற்பட்ட வினை. சொல் இல்லையென்று இனியும் சொல்வீர்களா?

பயிற்சிநூல் தராதது

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் தன்வினை, பிறவினை கற்பிக்கும் முறையைப் பாடமாகப் படித்தேன். அட்டையில் எழுதி ஒட்டினோம். ஆனால், அடுப்பருகே நிற்கும் பிள்ளைக்கு அட்டை எதற்கு? துண்டம் பொரிந்தது, அப்பா பொரித்தார். எண்ணெய் வடிந்தது, அக்காள் வடித்தாள். துண்டம் மாவில் புரண்டது, தம்பி புரட்டினான். கண்ணால் கண்டு, காதால் கேட்டு, கையால் செய்த இலக்கணம் மறக்காது.

‘காய்’ என்ற ஒரு வினையையே எடுங்கள். துணி காய்கிறது, எண்ணெய் காய்கிறது, பசியால் வயிறு காய்கிறது, வானில் நிலவு காய்கிறது. அடுக்களைப் பக்கம் போகாத பிள்ளைக்கு “எண்ணெய் காய்ந்ததா?” என்றால் எண்ணெய் எப்படி உலரும் என்று திகைப்பு வருகிறது. இது பிள்ளையின் குறையன்று; கேட்க வாய்ப்பளிக்காத வீட்டின் குறை.

‘பொறித்த கோழி’ என்று எழுதிய உணவகப் பலகையை எத்தனை ஊர்களில் பார்த்துவிட்டோம்! பொறித்தல் என்பது கல்லிலும் செம்பிலும் எழுத்தைச் செதுக்குவது. கோழியில் என்ன கல்வெட்டா? எண்ணெயில் இட்டு எடுப்பது பொரித்தல். எழுதும் பலகையில் இவ்வேறுபாட்டை ஆண்டுக்கு ஆண்டு கற்பிக்கிறோம். ‘பிரை’ என்றே கேட்டு வளரும் பிள்ளைக்கு இடையினமும் வல்லினமும் ஒன்றே.

2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டது. தேர்வு போயிற்று, மாதிரிக் கட்டுரையை மனனம் செய்யும் பழக்கம் போகவில்லை. இன்னும் வாரத்திற்கு இரண்டு நாள் தனிவகுப்புக்குப் பணம் கட்டுகிறார்கள். பணம் கேட்காத வகுப்பறை வீட்டுக்குள்ளேயே மூடிக்கிடக்கிறது.

தமிழர் உண்டியின் பெயர்களைப் பாருங்கள். பொரியல், வறுவல், அவியல், துவையல், பொங்கல், நம் நாட்டுப் பிரட்டல். எல்லாம் தொழிற்பெயர்கள். செய்யும் தொழிலாலேயே உணவுக்குப் பெயரிட்ட மொழி இது. இலக்கணநூலார் ‘பொங்கல் உண்டான்’ என்று தொழிலாகுபெயருக்குச் சான்று காட்டுவது தற்செயலன்று. இத்தகைய மொழியில் சமையல் வினைக்குக் கடன் கேட்பது, கிணற்றடியில் இருந்துகொண்டு தண்ணீர்க்கு அலைவதற்கு ஒப்பாகும்.

“பன்றியா?” என்போருக்கு

மாணவர் எழுதும் செய்முறைக் கட்டுரையில் ‘பன்றி’ என்று வந்தால் அடித்துவிட்டுக் ‘கோழி’ என்று திருத்தும் ஆசிரியர்களை நான் அறிவேன். பல்லினப் பள்ளிச் சூழலில் பிறர் மனம் நோகக்கூடாது என்னும் அக்கறையை மதிக்கிறேன். பள்ளிச் சிற்றுண்டிச் சாலைக்கோ பள்ளி விருந்துக்கோ இவ்வுணவைக் கொண்டுவரக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால், தன் வீட்டில் சமைத்ததைத் தன் தாய்மொழியில் உள்ளபடி எழுதும் உரிமை பிள்ளைக்கு உண்டு. உண்ணும் உணவின் பெயரைச் சொல்ல வெட்கப்படுத்தினால், பிள்ளை அவ்வுணவை விடாது, தமிழைத்தான் விடும்!

இஸ்லாமியத் தமிழர் இல்லத்தில் இதே செய்முறை கோழிக்குப் பொருந்தும். அதற்கு 74 பாகை வேண்டும். சைவ இல்லத்தில் முட்டைக்குப் பதில் கரைத்த மாவில் தோய்த்து வாழைக்காயைப் பொரிக்கலாம். பெயர்ச்சொல்தான் மாறும். வினைச்சொல் அத்தனையும் அப்படியே நிற்கும்.

செய்ய வேண்டுவது

பெற்றோரே, கடையில் விற்கும் உறைந்த துண்டத்தை ஒருமுறை தவிர்த்துவிடுங்கள். அதில் பிள்ளைக்கு மிஞ்சுவது பொட்டலத்தைப் பிரிக்கும் வேலை மட்டுமே. ஒரு விடுமுறை நாளில் மகனையும் மகளையும் சமமாக அழைத்து நிறுத்துங்கள். இடிப்பதும் புரட்டுவதும் ஒற்றுவதும் அவர்கள் கை வேலை. காய்ந்த எண்ணெய் மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும். செய்யும் ஒவ்வொன்றையும் வாய்விட்டுத் தமிழில் சொல்லுங்கள். ஆசிரியர்களே, மறுநாள் அந்தச் செய்முறையை எழுதச் சொல்லுங்கள். மாதிரிக் கட்டுரையை மூடி வையுங்கள்.

சொல் இல்லை என்று இனி யாரேனும் சொன்னால், இன்று இரவு என்ன சமைத்தீர்கள், அதைப் பிள்ளையிடம் எந்த வினையால் சொன்னீர்கள் என்று கேளுங்கள். விடை அங்கே இருக்கிறது.