பிள்ளையின் பெயரில் பெற்றோரின் செயல்திட்டம்

பள்ளியில் கொடுக்கப்படும் செயல்திட்டத்தை, அதாவது வீடுகளில் ‘புராஜெக்ட்’ என்றே வழங்கப்படும் வேலையை, பெற்றோர் முன்னின்று முடித்துக்கொடுப்பது பிள்ளையின் படிப்புக்குச் செய்யும் உதவி என்னும் நம்பிக்கை நகரத்து நடுத்தரக் குடும்பங்களில் ஏறக்குறைய மறுப்பின்றி ஏற்கப்பட்டுவிட்டது. பிள்ளைக்கு நேராக வெட்ட வராது, நாளைக் காலை கொண்டுபோயாக வேண்டும், மற்ற வீடுகளிலும் பெரியவர்கள்தான் செய்கிறார்கள், மதிப்பெண் குறைந்தால் குழந்தையின் முகம் வாடிவிடும் என்று அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் யாவும் அன்பிலிருந்து பிறப்பவையே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த நம்பிக்கை தவறானது. அது பிள்ளையின் கற்றலைக் கெடுப்பதோடு, அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் வேறு பல பிள்ளைகளுக்கு அநீதியும் இழைக்கிறது.

செயல்திட்டம் என்பது எதற்காகத் தோன்றியது என்பதை நினைவுபடுத்திக்கொண்டால் இத்தவறு தெளிவாகும். அமெரிக்கக் கல்வியாளர் ஜான் டூயியின் வழிவந்த வில்லியம் ஹெர்ட் கில்பாட்ரிக், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியிலிருந்து 1918-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், குழந்தை தானே ஒரு நோக்கத்தை வகுத்துக்கொள்வது, அதற்குத் திட்டமிடுவது, அதைச் செய்துமுடிப்பது, செய்ததைத் தானே சீர்தூக்கிப் பார்ப்பது என நான்கு படிகளாக இம்முறையை விளக்கினார். இந்நான்கில் செய்துமுடித்தல் ஒன்று மட்டுமே கண்ணுக்குத் தெரியும் பொருளைத் தருவது; ஏனைய மூன்றும் குழந்தையின் மனத்துக்குள் நிகழ்பவை. கண்ணுக்குத் தெரியும் அந்த ஒன்றையே செயல்திட்டம் முழுவதுமாக எண்ணிக்கொண்டு, அதையும் பெரியவர் கையில் எடுத்துக்கொள்ளும்போது குழந்தைக்கு எஞ்சுவது மறுநாள் அதைப் பத்திரமாகப் பள்ளிக்குச் சுமந்துசெல்லும் வேலை மட்டுமே.

இந்தியப் பள்ளிகளில் இது பரவலானதற்கு மதிப்பீட்டு முறையில் வந்த மாற்றங்களும் ஒரு காரணம். 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு மனப்பாடத்திலிருந்து விடுபட வலியுறுத்தியது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், செயல்பாடு, தேடல், கண்டறிதல் ஆகியவற்றின் வழியே குழந்தை கற்க வேண்டும் என்றது. அதே ஆண்டில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும், 2012-13-இல் முப்பருவ முறையோடு தமிழ்நாடு அரசும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டைக் கொண்டுவந்தன. தமிழ்நாட்டு முறையில் 100 மதிப்பெண்ணில் 40 வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பருவத்தினூடே ஆசிரியர் கவனித்து இடும் மதிப்பீட்டுக்கு, ஒதுக்கப்பட்டது. அதில் 20 செயல்பாடுகளுக்கு உரியது. தேர்வுப் பயத்தைக் குறைக்க வந்த நல்ல நோக்கம் இது. ஆனால் மதிப்பெண் என்று ஒன்று ஒட்டிக்கொண்ட மறுகணமே குடும்பங்கள் அதை இன்னொரு தேர்வாகக் கண்டன. பெரியவர்கள் உட்கார்ந்து எழுத இடங்கொடுக்கும் ஒரு தேர்வாக.

மழைநீர் சேகரிப்பை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அடிக்கடி கொடுக்கப்படும் தலைப்புகளில் அதுவும் ஒன்று. அப்பா வெட்டி ஒட்டிய தெர்மகோல் வீடு, ஸ்ட்ராவால் செய்த மழைக்குழாய், நீலத் தாளில் தண்ணீர், பச்சைத் தூளில் புல்வெளி, கம்ப்யூட்டரில் அச்செடுத்த தலைப்பு என்று இரவோடு இரவாக ஒரு மாதிரி உருவாகிறது. ஆனால் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மாநிலம் இது. ஆகவே அந்தத் தெர்மகோல் வீடு எழும் கூடத்துக்கு வெளியிலேயே பெரும்பாலும் உண்மையான குழாய் ஒன்று மொட்டைமாடியிலிருந்து இறங்குகிறது. அது எங்கே போய்ச் சேர்கிறது, கீழே உள்ள குழியில் ஜல்லியும் மணலும் இருக்கின்றனவா, அல்லது அது தெருச் சாக்கடையில்தான் முடிகிறதா என்று ஒரு பத்து வயதுக் குழந்தை பார்த்துச் சொல்ல முடியும். மாடியின் நீளம் 10 மீட்டர், அகலம் 9 மீட்டர் என்றால் 1 சென்டிமீட்டர் மழைக்கு 900 லிட்டர் தண்ணீர் அதன்மேல் விழுகிறது என்னும் கணக்கு ஐந்தாம் வகுப்புப் பெருக்கலுக்கு அப்பாற்பட்டதன்று. மழையை அளக்க மாடியில் வைத்த டம்ளர் மேல்வாய் அகன்றதாக இருந்தால் கணக்கு ஏன் தவறுகிறது என்பதைக் குழந்தை தானே கண்டுகொள்ளுமானால், பரப்பு, கொள்ளளவு என்னும் இரண்டு பாடங்களும் அதற்கு வாழ்நாள் முழுவதும் மறக்காது. அவ்வாறு கற்ற குழந்தை கொண்டுபோவது கோணல்மாணலான அட்டவணை ஒன்றும் அடித்துத் திருத்திய இரண்டு பக்கங்களுமாகவே இருக்கும். கண்காட்சி மேசையில் அவை எடுபடா. எடுபட வேண்டும் என்று நினைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது.

பெரியவர்களின் துணையே கூடாது என்பது இதன் பொருளன்று. டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய மூவரும் மூன்று முதல் ஐந்து வயதுவரையிலான குழந்தைகள் மரக்கட்டைகளைப் பொருத்திப் பிரமிடு வடிவம் ஒன்றைக் கட்டுவதை ஆராய்ந்து 1976-இல் வெளியிட்ட கட்டுரையில், குழந்தையால் தனியே முடியாத பகுதிக்கு மட்டும் கைகொடுத்து, முடியத் தொடங்கியதும் அந்தக் கையை விலக்கிக்கொள்ளும் துணைக்குச் சாரம் கட்டுதல் என்னும் பொருள்படப் பெயரிட்டனர். விலக்கப்படுவதற்காகவே கட்டப்படுவது சாரம். வீடுகளில் நடப்பதோ வேறு: வயது ஏற ஏறச் செயல்திட்டங்கள் கடினமாவதால் பெற்றோரின் பங்கு குறையாமல் கூடிக்கொண்டே போய், ஒன்பதாம் வகுப்பு மாணவனின் அறிக்கையை இணையத்திலிருந்து எடுத்து அடுக்கி ஸ்பைரல் பைண்டிங் போடுவதுவரை நீள்கிறது.

மதிப்பெண்ணையே அளவுகோலாகக் கொண்டாலும் இந்த உழைப்புக்கு உரிய பலன் கிடைப்பதாகத் தெரியவில்லை. கீத் ராபின்சன், ஏஞ்சல் ஹாரிஸ் என்னும் இரு சமூகவியலாளர்கள் அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றிய பல பத்தாண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட நூலில், வீட்டுப்பாடத்தில் பெற்றோர் உதவுவதற்கும் பிள்ளைகளின் தேர்ச்சி உயர்வதற்கும் பெரும்பாலும் தொடர்பு காணப்படவில்லை என்றும், சிலவற்றில் தொடர்பு எதிர்த்திசையில் இருந்தது என்றும் காட்டினர். பின்தங்கிய பிள்ளைகளுக்கே பெற்றோர் மிகுதியாக உதவுவதால் அப்படித் தோன்றக்கூடும் என்ற மறுப்பு நியாயமானதே. என்றாலும், உதவினால் நிச்சயம் முன்னேற்றம் என்று வீடுகளில் நிலவும் உறுதிக்கு இத்தரவுகளில் ஆதாரமில்லை.

இதையெல்லாம் விடக் கனமானது நியாயம் பற்றிய குற்றச்சாட்டு. வண்ண அச்சுக்கும் சார்ட் பேப்பருக்கும் கிளிட்டருக்கும் பணம் செலவழிக்கவும், மாலையில் இரண்டு மணிநேரம் உட்காரவும், ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதவும் இயலும் பெற்றோரின் பிள்ளை ஒரு பக்கம் இருக்க, கட்டட வேலைக்கோ வீட்டு வேலைக்கோ போய்விட்டு இருட்டிய பின் திரும்பும் தாயின் பிள்ளை, குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிப்படி ஏறிய முதல் தலைமுறை மாணவர், மறுபக்கம் இருக்கிறார். அந்த மாணவர் தன் கையாலேயே வரைந்து கொண்டுவந்த படம் பெரியவர்கள் செய்த மாதிரியின் பக்கத்தில் வைக்கப்பட்டு, அதைவிடக் குறைந்த மதிப்பெண் பெறுகிறது. வகுப்பில் உண்மையாகச் செயல்திட்டம் செய்த ஒரே பிள்ளைக்கு, செய்யத் தெரியாதவர் என்னும் பெயர் மிஞ்சுகிறது. தன் பிள்ளைக்காகத்தானே செய்கிறோம், பிறருக்கு இதில் என்ன கேடு என்று கேட்கும் பெற்றோர் இந்தக் கண்காட்சி மேசையை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

பெரியவர்கள் செய்துதந்த பிள்ளைக்கும் இழப்பு உண்டு. தான் ஒட்டிய இலை சற்றே சாய்ந்திருந்ததால் அம்மா அதைப் பிய்த்து மீண்டும் ஒட்டுவதைப் பார்க்கும் குழந்தை, தன் வேலை பிறர் கண்ணில் படத் தகுதியற்றது என்றே புரிந்துகொள்கிறது. தான் செய்யாததற்குத் தன் பெயரை எழுதி, பாராட்டையும் வாங்கிக்கொள்ளலாம் என்பதை அது வீட்டிலேயே, தான் மிகவும் நம்பும் மனிதர்களிடமிருந்தே, கற்கிறது. பிற்காலத்தில் கல்லூரி ஆய்வேட்டைக் காசு கொடுத்து எழுதி வாங்கும் மாணவரைக் கண்டு அதிர்ச்சியடைபவர்கள், அந்தப் பழக்கத்தின் வேரை ஆரம்பப் பள்ளியிலேயே தேடலாம்.

பள்ளிகளின் பொறுப்பு இதில் சிறிதன்று. செயல்திட்டங்களைப் பள்ளி நேரத்துக்குள், குழுவாகச் செய்ய வைக்க வேண்டும் என்று மத்திய இடைநிலைக் கல்வி வாரியமே தொடர் மதிப்பீட்டுக் காலத்தில் அறிவுறுத்தியிருந்தும், பாடத்தை முடிக்கும் அவசரத்தில் அவ்வேலையைப் பல பள்ளிகள் வீட்டுக்கு அனுப்பின. அதுவும் பெரும்பாலும் வேலைக்குப் போய்த் திரும்பிய அம்மாவின் தலையில் இரவு ஒன்பது மணிக்கு விடிகிறது. பளபளப்பைப் பார்த்து மதிப்பெண் இடாமல், எதைத் தேடினாய், எங்கே தவறியது, ஏன் மாற்றினாய் என்று பிள்ளையிடம் ஐந்து நிமிடம் கேட்டு மதிப்பெண் இடும் ஆசிரியரின் வகுப்பில், பெற்றோர் செய்த மாதிரிக்கு மதிப்பே இராது. ஆகவே அக்கறையுள்ள பெற்றோர் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளவும், மாடிக்குப் பிள்ளையோடு ஏறவும், கேட்ட கேள்விக்கு உடனே விடை சொல்லாமல் இருக்கவும் பழகுவதோடு, அடுத்த பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் இந்த ஐந்து நிமிடக் கேள்வியைப் பள்ளியிடம் வெளிப்படையாகக் கேட்டுப் பெற வேண்டும்.