வெயிலும் உப்பனாறும்

கடலூரினின்று சிதம்பரஞ் செல்லும் நெடுஞ்சாலையின் மருங்கில் சிப்காட் தொழிற்பேட்டை உளது. அதனை அடுத்து உப்பனாறு ஓடிக் கடலிற் கலக்கின்றது. நாட்டில் மிகக் கடுமையாக மாசுற்றனவென மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ஆம் ஆண்டிற் குறித்த 43 தொழிற்பகுதிகளுள் கடலூரும் ஒன்று. அச்சாலை வழியே தெற்கே சென்றாலோ, 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அதன் வேதியியல் துறையிற் பேராசிரியர் சுவாமிநாதன், பேராசிரியர் கருணாகரன் முதலியோர், நீரின் மாசினை ஒளியாற் சிதைக்கும் வினையூக்கிகளைப் பல்லாண்டு ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டுள்ளனர். நோயும் மருந்து தேடுங் கூடமும் இத்துணை அண்மையில் அமைந்திருப்ப, அம்மருந்தினைச் சோதிக்கும் முறைபற்றிச் சில சொல்ல விழைகின்றேன். தமிழ் பயில்வானுக்கு இதில் என்ன வேலையென நண்பர் நகைப்பர். உப்பனாற்று மீனை உண்பவனுக்கு வேலை உண்டு.

டைட்டானியம் டையாக்சைடு, துத்தநாக ஆக்சைடு போன்ற பொடிகளின்மேல் தக்க ஒளி படுங்கால், அவற்றுள் ஓர் எலக்ட்ரான் மேலெழுந்து, தானிருந்தவிடத்தே ஒரு வெற்றிடத்தை விடுகின்றது. எலக்ட்ரான் நீரிற் கரைந்த ஆக்சிஜனைப் பற்ற, வெற்றிடம் நீரினையே தாக்க, இவற்றாற் பிறக்கும் வேகமிக்க துணுக்குகள் கரிமப் பொருள்களை உடைத்துக் கரியமில வாயுவும் நீருமாக்குகின்றன. துகள் நுண்ணிதாகுந்தோறும் மாசு வந்து படியும் பரப்பு மிகும். ஆதலின் மீட்டரை 100 கோடி கூறிட்ட நானோ அளவை நாடுகின்றனர்.

1972-இல் ஜப்பானியர் புஜிஷிமாவும் ஹோண்டாவும் வழிகாட்டிய டைட்டானியம் டையாக்சைடு, புற ஊதா ஒளிக்கே இசையும். வெயிலில் அவ்வொளி நூற்றுக்கு 5 பங்கினளவே. கட்புலனாகும் ஒளியோ 40 பங்கிற்கு மேல். எனவே நைட்ரஜன் முதலியவற்றைக் கலந்து பொடியினைக் கட்புல ஒளிக்கும் இசைவிக்க முயல்கின்றனர். 2001-இல் ஜப்பானில் ஆசாகி முதலியோர் வெளியிட்ட ஆய்வு இத்துறைக்குப் பெரிதும் ஊக்கமளித்தது.

ஆயினும் எனக்கோர் ஐயம். உலகெங்கும் இவ்வாராய்ச்சிகளிற் பெரும்பாலன, தூய நீரில் ஒரு சாயத்தைக் கரைத்து அதன் நிறம் வெளுப்பதைக் கணக்கிடுகின்றன. நிறம் மறைந்தது, பொருள் மறைந்ததாகுமோ? அன்றியும், சாயம் தானே கட்புல ஒளியைப் பருகி எலக்ட்ரானைப் பொடிக்கு ஈதலும் உண்டு. அப்பொழுது சாயத்தின் செயலுக்குப் பொடி புகழ் பெறுகின்றது! பீனால் போன்ற நிறமற்ற நஞ்சினை வைத்துச் சோதிப்பதே நேர்மை. கழிவுநீரிலுள்ள உப்போ, மாசினைத் தாக்கவேண்டிய துணுக்குகளைத் தானே கவர்ந்துகொள்ளும். ஈயமும் காட்மியமும் தனிமங்களாதலின் எவ்வொளியாலும் சிதையா. வெயில் இருக்கின்றதே என்று ஆலையார் தம் பொறுப்பைத் தளர்த்தலாகாது.

பொடியை ஆற்றிற் கொட்டிப் பயனில்லை. கொட்டினாற் பின் அதனைப் பிரித்தெடுப்பார் யார்? கண்ணாடியிலோ மணியிலோ அதனைப் படியவைத்து, ஆலையின் தொட்டியிலேயே இடல் வேண்டும். அத்தகைய தொட்டியொன்றில் உப்புஞ் சேறுங் கலந்த மெய்யான கழிவுநீரைப் பெய்து, ஐப்பசி மாதத்து மங்கிய வெயிலிலும் சோதித்து, முடிவினைத் தமிழிலும் வெளியிடுவாராயின், அதனைக் குடிகாட்டு மக்களுக்குப் படித்துக்காட்ட யான் ஆயத்தமாயிருக்கின்றேன்.