புயலுக்கு மறுநாள் திறக்க வேண்டிய அலுவலகம்

2020 மே 20 மாலை, மணிக்கு 155 முதல் 165 கி.மீ. வேகக் காற்றுடன் அம்பான் புயல் சுந்தரவனத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி அன்றிரவு ஹவுராவில் உள்ள தலைமைச் செயலகமான நபன்னாவிலேயே இருந்தார். தன் அலுவலகமே அதிர்கிறது என்று செய்தியாளர்களிடம் சொன்னார். அந்தக் கட்டடத்துக்கு ஒரு முன்கதை உண்டு. ஆயத்த ஆடை வணிகத்துக்காக எழுப்பிய 14 மாடிக் கட்டடம் அது. முன்பு தலைமைச் செயலகமாக இருந்த ரைட்டர்ஸ் பில்டிங்கைப் பழுதுபார்க்க வேண்டியிருந்ததால் 2013இல் அரசு அங்கே இடம்பெயர்ந்தது. துணி வியாபாரத்துக்காகப் போட்ட தூண்களை நம்பித்தான் ஒரு மாநில நிர்வாகம் அந்த இரவைக் கழித்தது.

நபன்னா தாங்கிவிட்டது. மறுநாள் காலை சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. தீவுகளில் மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரம் இல்லை. எந்தத் தடுப்புக் கரை எங்கே உடைந்தது என்ற தகவல் தலைமைச் செயலகத்துக்கு வந்து சேரவில்லை. இந்தியச் சுந்தரவனத்தின் 102 தீவுகளில் 54இல் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கு அரசு என்றால் வட்டார வளர்ச்சி அலுவலரின் பி.டி.ஓ. ஆபீஸ்தான், அதற்கும் கீழே கிராமப் பஞ்சாயத்து அலுவலகம். தார்ப்பாய், குடிநீர் பாக்கெட், படகு, இடிந்த வீடுகளின் பட்டியல் எல்லாம் அங்கிருந்துதான் புறப்பட வேண்டும். அம்பான் நிவாரணப் பட்டியலில் தகுதியற்றவர்கள் பெயர் ஏறிவிட்டதாக அந்த ஆண்டு மாநிலம் முழுக்க எழுந்த சண்டையை நினைத்துப் பார்த்தால், அந்த அலுவலகத்துப் பதிவேடுகள் எவ்வளவு முக்கியம் என்பது புரியும். கஜா புயலில் லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்து வேதாரண்யம் துண்டிக்கப்பட்டதைப் பார்த்த தமிழ்நாட்டுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பேரிடரைத் தாங்கும் கட்டடம் என்றதும் நம் பேச்சு சுவரின் பருமனிலேயே நின்றுவிடுகிறது. ஓர் அலுவலகத்துக்கு அது பாதித் தேர்வுதான். மறுநாள் காலை பத்து மணிக்கு அங்கே விளக்கு எரிந்து, வயர்லெஸ் பேசி, பீரோவிலிருந்து காய்ந்த காகிதம் ஒன்றை எடுக்க முடிந்தால்தான் அது தேறியது.

முதலில் காற்று. அது எதிர்ச்சுவரை அழுத்தும். கூரையை மேலே உறிஞ்சும். காற்றடிக்கும் பக்கத்தில் ஒரு ஜன்னல் உடைந்துவிட்டால் உள்ளே புகுந்த காற்றும் கூரையை அடியிலிருந்து தள்ளத் தொடங்கும். கூரை பறந்தது என்று படிக்கிறோம். பல நேரங்களில் அதற்கு முன்பே போனது ஒரு ஜன்னல் கொக்கியாகவோ ஷட்டர் தாழ்ப்பாளாகவோ இருக்கும். நாற்புறமும் சரியும் கூரை, வெளியே அதிகம் நீளாத இறவாணம், உறுதியான மர ஷட்டர் எனப் பழைய தீவு வீடுகள் அறிந்து வைத்திருந்ததைத்தான் கணினி மாதிரிகளும் சொல்கின்றன. தட்டையான கான்கிரீட் தளம் பறக்காது. அதற்கு எதிரி உப்பு. நல்ல தண்ணீர் படகில் வரவேண்டிய தீவில், கலவைக்கு எந்தத் தண்ணீரை ஊற்றினார்கள் என்பது சில ஆண்டுகள் கழித்துத் துருப்பிடித்த கம்பி கான்கிரீட்டைப் பிளக்கும்போது தெரியவரும்.

சட்டத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஐ.எஸ். 875இன் மூன்றாம் பகுதியான காற்று விதி 2015இல் திருத்தப்பட்டபோது, கிழக்குக் கடற்கரையின் 60 கி.மீ. பட்டைக்குள் வரும் கட்டடங்களுக்குக் கணக்கிடும் காற்று வேகத்தில் ஒரு பெருக்கெண் வந்தது. சாதாரணக் கட்டடத்துக்கு 1, தொழிற்கூடத்துக்கு 1.15, புயலுக்குப் பின் அவசரப் பணிக்குத் தேவையானவற்றுக்கு 1.30. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் காற்றழுத்தம் ஏறும் என்பதால், 1.30 என்றால் கணக்கில் ஏறத்தாழ 70 சதவீதக் கூடுதல் சுமை. இந்த உயர்ந்த வகைக்கு உதாரணமாகப் புயல் காப்பகம், மருத்துவமனை, பள்ளி, தகவல்தொடர்புக் கோபுரம் ஆகியவை சொல்லப்படுகின்றன. நிவாரணத்தை நடத்தும் அலுவலகத்துக்கு அங்கே பெயர் இல்லை. பொறியாளர் நினைத்தால் சேர்க்கலாம். டெண்டர் தொகை இடித்தால் விட்டுவிடலாம்.

காற்றைவிட நீர் கொடியது. 2021 மே 26 அன்று யாஸ் புயல் ஒடிசாவில்தான் கரையேறியது. ஆனால் அன்று பவுர்ணமி. பொங்கிய கடல் சாகர், மௌசுனி, கோராமாரா தீவுகளில் கரைகளைத் தாண்டிக் கொட்டியது. தரைத்தளத்தில் வைத்த ஜெனரேட்டரும் சுவிட்ச் போர்டும் பேட்டரியும் இத்தகைய நாளில் என்ன ஆகும்? 2012இல் சாண்டி புயலின்போது நியூயார்க்கின் லாங்கோன் மருத்துவமனை 300க்கும் மேற்பட்ட நோயாளிகளை இரவோடு இரவாக வெளியேற்றியது. ஜெனரேட்டர்கள் மேலேதான் இருந்தன. டீசல் ஏற்றும் பம்பு அடித்தளத்தில் இருந்தது. கொல்கத்தாவிலேயே 2025 செப்டம்பரில், துர்கா பூஜைக்குச் சில நாள் முன்பு, 24 மணி நேரத்தில் 250 மி.மீ. மழை கொட்டியபோது இறந்தவர்களில் பெரும்பாலோர் மின்சாரம் பாய்ந்து இறந்தவர்கள்.

எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் குவிப்பதன் விலையையும் இந்நகரம் அறியும். 2021 மார்ச் 8 அன்று ஸ்ட்ராண்ட் சாலையில் உள்ள ரயில்வேயின் புதிய கொய்லாகாட் கட்டடத்தின் 13ஆம் மாடியில் தீப்பிடித்தது. ஒன்பது பேர் இறந்தனர். தீயணைக்க லிஃப்டில் ஏறிப்போனவர்களும் அதில் அடக்கம். மின்சாரத்தை நிறுத்த வேண்டியிருந்ததால் சர்வர் முடங்கி, கிழக்குப் பகுதியின் ரயில் முன்பதிவே தடைபட்டது.

என் யோசனை எளிமையானது: தீவுகளில் பி.டி.ஓ. அலுவலகத்தையும் பஞ்சாயத்து அலுவலகத்தையும் புயல் காப்பகத்தின் மேல்மாடிக்குக் கொண்டுபோங்கள். உலக வங்கி உதவியுடன் நடந்த தேசியப் புயல் இடர் தணிப்புத் திட்டத்தில் மேற்கு வங்கத்திலும் பல்நோக்குக் காப்பகங்கள் எழுந்தன. தூண்கள் மேல் நிற்கும் உறுதியான கட்டடங்கள். ஆண்டில் ஓரிரு நாள் மட்டும் தேவைப்படும் எந்தக் கட்டடத்துக்கும் ஒரே நோய்தான்: அவசரத்தில் சாவி கிடைக்காது, தொட்டியில் தண்ணீர் இருக்காது, ஜெனரேட்டர் கிளம்பாது. தினமும் குமாஸ்தா வந்து உட்காரும் இடத்தில் இந்தச் சிக்கல் தானாகவே குறையும். ஃபேன் ஓடவில்லை என்றால் அன்றே ஆள் வருவார். கூட்டம் உள்ளே வந்தால் கோப்புகளுக்குப் பாதுகாப்பு என்ன என்று அதிகாரிகள் கேட்பார்கள். தனி மாடி, தனிப் படிக்கட்டு, பதிவேடுகளின் நகல் தீவுக்கு வெளியே ஓர் இடத்தில் என்று வரைபடத்திலேயே தீர்த்துவிடலாம்.

தீவிரமான ஆட்சேபம் ஒன்று உண்டு. வெள்ளத்துக்காகத் தரைத்தளத்தைத் திறந்து விட்டால் நிலநடுக்கத்தில் அதுவே பலவீனம். 2001 குஜராத் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தின் பல அடுக்குமாடிகள் கார் நிறுத்தும் தளத்தில்தான் மடிந்தன. வங்கத்தின் வண்டல் மண்ணில் அதை அலட்சியப்படுத்த முடியாது. படிக்கட்டைச் சுற்றிக் கான்கிரீட் சுவர் எழுப்பி அடித்தளம் வரை இறக்கினால், நீருக்கும் வழி இருக்கும், ஆட்டத்துக்கும் பிடிப்பு இருக்கும். செலவு கூடும், கூடட்டும்.

இவை எதுவும் தவறான இடத்தைச் சரிசெய்யாது. புயலுக்கு ‘சைக்ளோன்’ என்று பெயரிட்ட ஹென்றி பிடிங்டன் கொல்கத்தாவில் இருந்தவர். மாதலா ஆற்றங்கரையில் துறைமுகம் கட்டினால் புயல் அலை அடித்துப் போகும் என்று 1853இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்கு எழுதினார். கேட்கவில்லை, கேனிங் துறைமுகம் எழுந்தது. 1867 நவம்பர் புயல் அதைச் சிதைத்தது, சில ஆண்டுகளில் கைவிட்டார்கள். தனுஷ்கோடியின் ரயில் நிலையமும் சுங்க அலுவலகமும் தபால் நிலையமும் 1964 டிசம்பரில் போன கதை நமக்குத் தெரியும். தடுப்புக் கரைக்கு வெளியே, ஆற்று முகத்தில், மலிவாகக் கிடைத்த நிலத்தில் எவ்வளவு நல்ல கட்டடம் வைத்தாலும் வீண்.

இப்போது இதைப் பேசக் காரணம் இருக்கிறது. சாகர் தீவுக்கு முரிகங்கா ஆற்றின் மேல் பாலம் கட்ட மாநில அரசு திட்டமிட்டிருக்கிறது. இன்று படகில் போகும் சிமென்டும் கம்பியும் அப்போது லாரியில் போகும். விடுதிகளோடு அரசுக் கட்டடங்களும் வேகமாக எழும். அவற்றின் மாதிரி வரைபடங்களைப் பொதுப்பணித் துறை அதற்கு முன்பே திருத்தி, அலுவலகத்தையும் 1.30 வகையில் பெயர் சொல்லிச் சேர்த்துவிடலாம். ஒரு சுற்றறிக்கை போதும்.