ரிப்பன் மாத்தினா பதக்கம் போலியா?

சோவியத் ராணுவப் பதக்கம் சேர்க்கிறவங்க நாலு பேர் கூடினா, முதல்ல வர்ற கேள்வி "ரிப்பன் ஒரிஜினலா?" என்பதுதான். இல்லைன்னு தெரிஞ்சா உடனே உதட்டைப் பிதுக்குவாங்க. எனக்கும் இந்தக் கிறுக்கு உண்டு. ஆனா இந்தக் கேள்வியே கோளாறானதுன்னு நினைக்கிறேன்.

"வீரத்துக்காக" பதக்கத்தை எடுத்துக்குங்க. 1938 அக்டோபரில் உருவானது. வெள்ளி வட்டம், மேலே மூணு விமானம், கீழே ஒரு டாங்கி. ஆரம்பத்துல சின்னச் செவ்வகத் தகட்டில் சிவப்பு ரிப்பனோடு தொங்கியது. 1943 ஜூன் 19-ல் வந்த ஆணை அதை மாத்திடுச்சு: ஐங்கோணத் தகடு, ஓரங்களில் நீலக்கோடு போட்ட சாம்பல் ரிப்பன். அப்படின்னா 1942-ல் ஒரு சிப்பாய் வாங்கிய பதக்கத்துக்கு எதுங்க ஒரிஜினல்? கொடுத்த அன்னிக்கு இருந்த சிவப்பா, அரசாங்கமே மாத்தச் சொன்ன சாம்பலா?

அதோட, இதெல்லாம் பீரோவில் பூட்டி வைக்கக் கொடுத்ததில்லை. சட்டையில் குத்திக்கிட்டு திரியறதுக்குக் கொடுத்தது. துணி அழுக்காகும், நூல் பிரியும். அவரோ, அவர் வீட்டம்மாவோ 1970-ல் ஒரு புது ரிப்பனை மாட்டியிருந்தா அது போலியா? என் கணக்கில் அதுவும் அந்தப் பதக்கத்தோட சரித்திரம்தான்.

நிஜமான மோசடி வேற இடத்துல நடக்க வழியிருக்கு. 1943 நவம்பரில் வந்த "கீர்த்தி" விருதுக்கும், 1945-ல் வந்த "ஜெர்மனி மீதான வெற்றிக்காக" பதக்கத்துக்கும் ஒரே கறுப்பு-ஆரஞ்சு ரிப்பன்தான். ரெண்டாவதை ஏறக்குறைய 1.49 கோடி பேருக்குக் கொடுத்திருக்காங்க. அதிலிருந்து ஒரு நல்ல பழைய ரிப்பனை உருவி, விலை கூடிய "கீர்த்தி"யில் மாட்டிட்டா? காலம் சரி, துணி சரி, நிறம் சரி. "ஒரிஜினல்"னு சொல்லி வித்துடலாம். அந்த ரிப்பனுக்கும் அந்தச் சிப்பாய்க்கும்தான் சம்பந்தமே இருக்காது!

புற ஊதா விளக்குல பார்த்தா தெரிஞ்சிடுமேன்னு கேப்பீங்க. துணியை வெண்மையாக்கச் சேர்க்கிற ரசாயனம் அந்த வெளிச்சத்தில் நீலமா மின்னும், சரிதான். ஆனா போர்க்காலத்து ரிப்பனையே பின்னாளில் சலவைத்தூள் போட்டுத் துவைச்சிருந்தாலும் மின்னும். மின்னாத பழைய துணி இன்னொரு பதக்கத்திலிருந்து வந்ததான்னு விளக்கு சொல்லாது.

அதனால என் கட்சி இதுதான். கிழிஞ்சிருந்தாலும் ரிப்பனை மாத்தாதீங்க. தொங்கவே முடியாத நிலைமைன்னா மாத்துங்க, ஆனா பழசை ஒரு கவரில் போட்டு, எப்போ மாத்தினோம்னு சீட்டு எழுதி பதக்கத்தோடயே வைங்க. விக்கும்போது அந்தக் கவரையும் சேர்த்துக் கொடுங்க. ஆபீசில் ஒரு வரி கோட் மாத்தினாலே யார், எப்போ, ஏன்னு எழுதி வைக்கிறோம். ஒருத்தர் உயிரைப் பணயம் வச்சு வாங்கினதுக்கு அந்த மரியாதைகூட இல்லைன்னா எப்படி?

நீங்க என்ன சொல்றீங்க மக்களே?