மண்டேலாவைத் தூக்கில் போட்டிருந்தால்? - ஒரு தப்பான கேள்வி

வரலாறு என்று பேச்சு வந்தாலே நம்ம ஆட்களுக்கு ரொம்பப் பிடித்த விளையாட்டு ஒன்று உண்டு. "அன்னைக்கு மட்டும் இப்படி நடந்திருந்தா..." என்று ஆரம்பித்து விடுவார்கள். தென்னாப்பிரிக்கா என்றால் கேள்வி ரெடி. 1964 ஜூன் 12 அன்று பிரிட்டோரியா கோர்ட்டில், ரிவோனியா வழக்கில், நீதிபதி குவார்ட்டஸ் டி வெட் ஆயுள் தண்டனைக்குப் பதில் தூக்குத் தண்டனை விதித்திருந்தால்?

பதில்களும் ரெடி. ஒரு கோஷ்டி, "மண்டேலா போயிருந்தா விடுதலையே கிடைச்சிருக்காது, ரத்த ஆறுதான்" என்கிறது. இன்னொரு கோஷ்டி, "நிறவெறி நாடா இருந்தாலும் கோர்ட்டுன்னு ஒண்ணு இருந்துச்சு பாருங்க, நீதிபதி கருணை காட்டினாரு" என்று உருகுகிறது.

மக்களே, இரண்டுமே ஜல்லி. இரண்டாவது கொஞ்சம் ஆபத்தான ஜல்லி. அதை முதலில் பார்ப்போம்.

1956 டிசம்பரில் 156 பேரை ராஜத் துரோக வழக்கில் பிடித்தார்கள். நாலு வருஷத்துக்கு மேல் இழுத்து, 1961 மார்ச்சில் கடைசி ஆள் வரைக்கும் விடுதலை. அரசாங்கம் என்ன செய்தது? திருந்தவில்லை, சட்டத்தை மாற்றியது. 1962-ல் நாசவேலைத் தடுப்புச் சட்டம் வந்தது. சின்னக் குற்றத்தையும் நாசவேலை என்று சொல்லலாம், அதிகபட்சம் தூக்கு. 1963-ல் 90 நாள் சட்டம். விசாரணையே இல்லாமல் தனிமைச் சிறையில் அடைக்கலாம். அதே ஜூலையில் ரிவோனியாவில் லிலிஸ்லீஃப் பண்ணையை போலீஸ் சுற்றி வளைத்தது. மண்டேலா அப்போது அங்கே இல்லை, ஏற்கெனவே ஐந்து வருஷத் தண்டனையில் உள்ளே இருந்தார். இருந்தாலும் முதல் குற்றவாளி அவர்தான்.

அரசு வக்கீல் பெர்சி யூட்டார் ராஜத் துரோகம் என்று வழக்குப் போடவில்லை. அதை நிரூபிப்பது கஷ்டம், நாசவேலை சுலபம். எட்டுப் பேருக்கு ஆயுள் தண்டனை. தப்பித்தது எப்படி? கொரில்லாப் போருக்கான திட்டம் முடிவாகவே இல்லை என்று பிராம் ஃபிஷர் தலைமையிலான வக்கீல்கள் வாதாடி, நீதிபதியை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். உயிர்ப்பலி ஒன்றும் குற்றச்சாட்டில் இல்லை. தீர்ப்புக்கு மூன்று நாள் முன்னால் ஐ.நா. பாதுகாப்பு சபையே பொது மன்னிப்பு கொடுக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. (பிரிட்டனும் அமெரிக்காவும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொண்டன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.) இவ்வளவையும் தள்ளிவிட்டு "கருணை" என்று ஒரே வார்த்தையில் முடிப்பது சோம்பேறித்தனம். அந்தக் கருணையான சட்டம்தான் 1966-ல் பிராம் ஃபிஷருக்கும் ஆயுள் தண்டனை கொடுத்தது.

சரி, தலைப்புக்கு வருவோம். இதை ஏன் தப்பான கேள்வி என்கிறேன்? தூக்கில் போட்டிருந்தால் என்ன ஆகும் என்று கற்பனை பண்ண வேண்டிய அவசியமே இல்லை. தூக்கில் போட்டார்கள்!

வுயிசிலே மினி. போர்ட் எலிசபெத் தொழிற்சங்கக்காரர், போராட்டப் பாட்டுகள் கட்டியவர். மண்டேலா இருந்த அதே இயக்கம், அதே வருஷம். 17 நாசவேலைக் குற்றச்சாட்டுகள், அதோடு போலீசுக்கு உளவு சொன்னதாகச் சொல்லப்பட்ட ஒருவரின் கொலையில் பங்கு என்று வழக்கு. ரிவோனியா தீர்ப்பு வந்து ஐந்தே மாதத்தில், 1964 நவம்பர் 6 அன்று, அதே பிரிட்டோரியாவில், வில்சன் கயிங்கா, சினகிலே ம்கபா என்ற இரு தோழர்களோடு தூக்கிலிடப்பட்டார்.

"அது கொலை வழக்கு, இது வேற" என்று யாராவது வருவீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மினியின் வாக்குமூலம் ஒன்று மரண தண்டனைக் கொட்டடியிலிருந்து வெளியே வந்தது. வில்டன் ம்க்வாயிக்கு எதிராக சாட்சி சொன்னால் உயிர் தப்பலாம் என்று போலீஸ் பேரம் பேசியதாகவும், தான் மறுத்துவிட்டதாகவும் அதில் சொல்லியிருக்கிறார். கொலைக்கு நியாயம் கேட்கிறவன் இப்படியா பேரம் பேசுவான்?

பாதுகாப்பு சபையின் அதே தீர்மானம், தூக்குத் தண்டனை பெற்றிருந்த மற்றவர்களையும் கொல்லாதே என்றுதான் சொன்னது. ஆனால் ரிவோனியாவுக்கு இருந்த உலகப் பத்திரிகைகளின் வெளிச்சம் மினிக்கு இல்லை. மூன்று பேரும் பாடிக்கொண்டே போனதாக அப்போது அதே சிறையில் இருந்த பென் டூரோக் எழுதியிருக்கிறார்.

1979 ஏப்ரல் 6: சாலமன் மஹ்லாங்கு, வயது 22. சுட்டது அவரில்லை, கூட வந்தவர். இருந்தும் தூக்கு. 1985 அக்டோபர்: பெஞ்சமின் மொலாய்சே. இவர்களுக்காகவும் உலகம் கேட்டது, அரசு கேட்கவில்லை. இத்தனை "நடந்திருந்தால்"கள் நிஜமாகவே நடந்திருக்கின்றன. நாம்தான் பெயர் தெரியாமல் இருக்கிறோம்.

இனி முதல் கோஷ்டி. மண்டேலா இல்லாவிட்டால் விடுதலையே இல்லையாம். 1973-ல் டர்பன் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது ராபன் தீவிலிருந்து உத்தரவு வந்தா? 1976-ல் சோவெட்டோ பள்ளிக்கூடப் பிள்ளைகளை யார் கிளப்பிவிட்டார்கள்? ஆஃப்ரிகான்ஸ் மொழித் திணிப்பு! 1983-ல் ஐக்கிய ஜனநாயக முன்னணி, 1985-ல் கொசாட்டு தொழிற்சங்கக் கூட்டமைப்பு, அதே வருஷம் வெளிநாட்டு வங்கிகள் கடனுக்குக் கையை விரித்தது... இதெல்லாம் ஒரு ஆளால் நடந்ததில்லை. தூக்குப் போட்டு அடக்க முடியாது என்பதற்கு மஹ்லாங்குவே சாட்சி. அவர் பெயரில் டான்சானியாவில் ஒரு பள்ளிக்கூடமே எழுந்தது.

அப்படியானால் மண்டேலா உயிரோடு இருந்ததில் லாபமே இல்லையா? இருக்கிறது. 1993 ஏப்ரல் 10-ல் கிறிஸ் ஹானியைச் சுட்டுக் கொன்றபோது நாடு பற்றி எரியப் பார்த்தது. அன்று இரவு டி.வி.யில் தோன்றிப் பேசி, கறுப்பர் வெள்ளையர் இருவரையும் கேட்க வைக்கக்கூடிய ஆள் ஒருவர்தான் இருந்தார். 1964-ல் எட்டுப் பேரும் போயிருந்தால் நிறவெறி ஆட்சி எப்படியும் விழுந்திருக்கும். ஆனால் விழும்போது இன்னும் எத்தனை பேர் மேல் விழுந்திருக்கும்? அவரால் கிடைத்த லாபம் அதுதான். அதைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். விடுதலையையே அவர் ஒருத்தர் கணக்கில் எழுதாதீர்கள்.

அப்படி எழுதினால் யாருக்கு வசதி தெரியுமா? அடக்குகிற அரசாங்கங்களுக்குத்தான். உலகம் பார்க்கிற ஒரு கைதியை உயிரோடு வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காத பத்துப் பேரைக் கதை முடித்துவிடலாம். கடைசியில் "எங்கள் கோர்ட் எவ்வளவு நியாயமானது பாருங்கள்" என்று பீற்றிக்கொள்ளவும் செய்யலாம். தென்னாப்பிரிக்காவோடு முடிந்துபோன வித்தை இல்லை இது.

1995 ஜூன் 6 அன்று தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றம் மரண தண்டனையையே ஒழித்தது. அந்த நீதிமன்றத்தின் தலைவர் ஆர்தர் சஸ்கல்சன், ரிவோனியா வழக்கில் மண்டேலா தரப்பு வக்கீல்களில் ஒருவர். மண்டேலா பிழைத்தாரே, சட்டம் நல்ல சட்டம்தான் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. தூக்குக் கயிறே வேண்டாம் என்றார்கள். மினியின் எலும்புகளை பிரிட்டோரியாவில் தோண்டி எடுத்து சொந்த ஊரில் அடக்கம் செய்ய 1998 ஆனது.

இனிமேல் யாராவது "மண்டேலாவைத் தூக்கில் போட்டிருந்தா?" என்று ஆரம்பித்தால் திருப்பிக் கேளுங்கள்: "மினியைப் போட்டாங்களே, உனக்குத் தெரியுமா?"