"சீட்டை வீணாக்கிட்டியே!"

போன வாரம் நைட் ட்யூட்டி. கூட்டம் குறைஞ்ச நேரத்துல, கூட வேலை பார்க்கிற ஜூனியர் டாக்டர் ஒருத்தர் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னாங்க. வயசு 26. நீட் பி.ஜி. ரெண்டு தடவை எழுதியாச்சு. "அண்ணா, மூணு வருஷ எல்.எல்.பி. சேரலாம்னு இருக்கேன்."

ரூம்ல இருந்த நாலு பேரும் கோரஸா: "சீட்டை வீணாக்கிட்டியேம்மா!"

அந்த நாலு பேர்ல நானும் ஒருத்தன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் உறுத்துச்சு. அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதறேன். நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

உறுத்தினப்போ எனக்கு ஞாபகம் வந்தது ஒரு அமெரிக்க நடிகை. பேரு கிறிஸ்டல் மெக்கெல்லர். உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்காது. 1988 முதல் 1993 வரை ஏ.பி.சி. சேனல்ல 'தி ஒண்டர் இயர்ஸ்'னு ஒரு தொடர் வந்துச்சு. 6 சீசன், 115 எபிசோடு. 1960-களின் கடைசியில் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பையன் கெவின் வளர்ற கதை. அவன் உருகுற பொண்ணு வின்னி கூப்பர்.

இந்த வின்னி வேஷத்துக்குக் கடைசி வரைக்கும் போட்டியில நின்னது ரெண்டு பொண்ணுங்க. டானிகா மெக்கெல்லர், கிறிஸ்டல் மெக்கெல்லர். கூடப் பிறந்த அக்கா, தங்கச்சி! வேஷம் அக்காவுக்குப் போச்சு. தங்கச்சியையும் விட மனசில்லாம பெக்கி ஸ்லேட்டர்னு ஒரு பாத்திரம் கொடுத்தாங்க. கெவின் மனசு முழுக்க வின்னியை வச்சுக்கிட்டு இந்த பெக்கி கூட சுத்துவான். விஷயம் தெரிஞ்சதும் பெக்கி விடுவா பாருங்க ஒரு குத்து!

அதாவது ஆடிஷன்லயும் அக்கா ஜெயிச்சாச்சு, கதையிலயும் அக்காதான் ஜெயிக்கிறா. ஷூட்டிங் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா அங்கேயும் அதே வின்னி உட்கார்ந்திருப்பா.

அப்புறம் கிறிஸ்டல் யேல் பல்கலைக்கழகத்துல பட்டம் வாங்கினாங்க. அதுக்கப்புறம் ஹார்வர்டு சட்டப்பள்ளி. நியூயார்க்ல டேவிஸ் போக் என்ற பெரிய சட்ட நிறுவனத்துல வழக்கறிஞர். பிறகு மித்ரில் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்துல, விதிமுறைகள் ஒழுங்கா கடைப்பிடிக்கப்படுதான்னு பார்க்கிற பொறுப்பு.

நடிச்சவங்க கோர்ட்ல பிரமாதமா பேசுவாங்க, அதனாலதான் இந்த மாற்றம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. இந்த விதிமுறை வேலையில மைக்கும் இல்லை, கைதட்டலும் இல்லை. கத்தை கத்தையா ஆவணம் படிச்சு, "இதைச் செய்யக்கூடாது"ன்னு முதலாளிக்கே சொல்ற வேலை.

இன்னொரு வேடிக்கை. அதே தொடர்ல கெவினோட நண்பன் பால். கண்ணாடி போட்டிருப்பான், எதைத் தொட்டாலும் அலர்ஜி. பால் பிற்பாடு ஹார்வர்டுல சட்டம் படிச்சான்னு கடைசி எபிசோடுல கதை சொல்ற குரல் சொல்லும். அந்த வேஷம் போட்ட ஜோஷ் சவியானோ நிஜத்துலயே வக்கீல் ஆனார். ஆனா ஹார்வர்டு இல்லை. ஹார்வர்டு சட்டப்பள்ளிக்குப் போனது பெக்கிதான். அக்கா டானிகா கணிதம் படிச்சு, மாணவியா இருக்கும்போதே ஒரு ஆய்வுக் கட்டுரையில இணை ஆசிரியர். அந்தத் தேற்றத்துல அவங்க பேரும் இருக்கு.

ஒரே தொடர்ல இருந்து ரெண்டு வக்கீல், ஒரு கணித எழுத்தாளர். இதைப் பார்த்துட்டு "என்ன தைரியம், என்ன உழைப்பு"ன்னு ஸ்டேட்டஸ் போட்டுட்டுப் போயிடலாம். உழைப்பு இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா நான் பார்க்கிறது வேற. அந்தப் பிள்ளைங்க நடிச்சுக்கிட்டிருந்த காலத்துல யாரோ கதவைப் பூட்டாம வச்சிருந்தாங்க.

கலிபோர்னியாவுல பள்ளி வயசுக் குழந்தை நடிச்சா, ஷூட்டிங் இடத்துக்கே ஆசிரியர் வரணும். பள்ளி நாள்ல 3 மணி நேரம் பாடம் நடக்கணும். கேமரா காத்திருந்தாலும் சரி, டைரக்டர் கத்தினாலும் சரி.

காசு விஷயத்துல இன்னும் பழைய கதை. சாப்ளினோட 'தி கிட்' (1921) படத்துல வந்த சின்னப் பையன் ஜாக்கி கூகன் ஞாபகம் இருக்கா? லட்சக்கணக்கான டாலர் சம்பாதிச்சான். பெரியவனாகிக் கேட்டா, அம்மாவும் மாற்றாந்தகப்பனும் பெரும்பகுதியைச் செலவழிச்சு முடிச்சிருந்தாங்க. 1938-ல வழக்குப் போட்டார். கைக்கு வந்தது ரொம்பக் கொஞ்சம். அவர் பேராலேயே 1939-ல கூகன் சட்டம் வந்துச்சு. இன்னைக்கு அங்கே குழந்தை நடிகரோட வருமானத்துல 15 சதவீதம் பெற்றோர் தொட முடியாத கணக்குக்குப் போகணும்.

நம்ம நாட்டுலயும் விதி இருக்கு, தெரியுமா? 2017-ல திருத்தின குழந்தைத் தொழிலாளர் விதிகள். குழந்தைக் கலைஞரை ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக்கூடாது, ஓய்வில்லாம 3 மணி நேரத்துக்கு மேல கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல கூடாது. வருமானத்துல குறைஞ்சது 20 சதவீதம் அந்தக் குழந்தை பேர்ல வங்கி டெபாசிட். உங்க வீட்டுக் குட்டி சீரியல்ல, ரியாலிட்டி ஷோவுல இருந்தா, அந்த டெபாசிட் ரசீதை இன்னைக்கே கேளுங்க. சும்மா சொல்லலை.

சரி, எங்க ஜூனியர் விஷயத்துக்கு வர்றேன்.

"நடிகை நடிப்பை விட்டா யார் காசும் போகலை. டாக்டர் விட்டா?" இது நியாயமான கேள்வி. அரசுக் கல்லூரியில நாங்க கட்டின ஃபீஸ் சொற்பம், மிச்சம் உங்க வரிப்பணம். அந்த ஒரு சீட்டுக்காக எத்தனை பிள்ளைங்க ஏங்குச்சுன்னு எனக்கும் தெரியும். அதனால "அவங்க வாழ்க்கை, அவங்க இஷ்டம்"னு ஒரு வரியில தட்டிவிட என்னால முடியலை.

ஆனா கடன் இருக்குன்னா, அதை ஸ்டெதஸ்கோப் மாட்டித்தான் அடைக்கணுமா?

நான் எத்தனையோ தடவை சம்மன் வாங்கி சாட்சிக் கூண்டுல நின்னிருக்கேன். ஏ.ஆர். காப்பி, வூண்ட் சர்டிபிகேட், சிம்பிள் இஞ்சுரியா கிரீவஸா... ஒரு தடவை நான் எழுதின சர்டிபிகேட்டை ரெண்டு தரப்பு வக்கீலுமே தப்பாப் புரிஞ்சுக்கிட்டு அரை மணி நேரம் வாதாடினாங்க. அடிபட்டவர் பெஞ்சுல உட்கார்ந்து எங்க மூணு பேர் மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்துக்கிட்டிருந்தார். அவருக்கு அன்னைக்குத் தேவைப்பட்டது, எலும்பு முறிவுன்னா என்னன்னு தெரிஞ்ச ஒரு வக்கீல். போக்சோ வழக்குல பாதிக்கப்பட்ட குழந்தையோட மெடிக்கல் ரிப்போர்ட்டை சரியா வாசிக்கத் தெரிஞ்ச வக்கீல் கிடைச்சா, அதுவும் மக்களுக்குத் திரும்பப் போற பணம்தானே?

அதே நேரம், கனவு மட்டும் காட்டி அவங்களை அனுப்ப மாட்டேன். நம்ம ஊர்ல இந்தக் கதவு ஒரு பக்கம் திறந்தா மறு பக்கம் மூடும். டாக்டராவும் பிராக்டிஸ் பண்ணி, வக்கீலாவும் பதிவு பண்ணிக்க முடியாதுன்னு 1996-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. வழக்குப் போட்டவர் மகாராஷ்டிராவுல ஒரு அறுவை சிகிச்சை டாக்டர். மருத்துவத்தை நிறுத்தாம வக்கீலாப் பதிவு பண்ண முடியாதுன்ன பார் கவுன்சில் விதி செல்லும்னு தீர்ப்பு. ஆக, "காலையில கோர்ட், சாயங்காலம் கிளினிக்" நடக்காது. கறுப்பு கோட்டு போட்டா வெள்ளை கோட்டைக் கழட்டணும்.

நல்ல செய்தியும் இருக்கு. பட்டதாரி யாரும் மூணு வருஷ எல்.எல்.பி. சேரலாம், எம்.பி.பி.எஸ். முடிச்சவங்களும்தான். கிறிஸ்டல் மாதிரி முதல் பட்டம் முடிச்சுட்டுப் போற வழி இது. பதிவுக் கட்டணம்னு மாநில பார் கவுன்சில்கள் ஆயிரக்கணக்குல வாங்கிக்கிட்டிருந்ததை, சட்டத்துல சொன்ன 750 ரூபாய்க்கு மேல வாங்கக்கூடாதுன்னு 2024 ஜூலையில உச்ச நீதிமன்றம் நிறுத்துச்சு. எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய்.

ஆனா கல்லூரிக்கு தினம் போகணும், அட்டென்டன்ஸ் வேணும். நைட் ட்யூட்டி பார்த்துட்டுப் போய் உட்கார முடியாது. அந்த மூணு வருஷம் சம்பளம்? அதுக்கப்புறம் ஒரு சீனியர்கிட்ட ஜூனியரா சேர்ந்தா, மாசம் என்ன கையில நிக்கும்னு எந்த இளம் வக்கீலையாவது கேட்டுப் பாருங்க. சிரிப்பாங்க. வீட்டுல அப்பா ரிட்டயர் ஆகப் போறார், தம்பி இன்னும் படிக்கிறான். நடிச்ச காலத்துச் சேமிப்புன்னு எங்க ஜூனியருக்கு ஒண்ணும் இல்லை.

இதையெல்லாம் கேட்டிருக்கணும் நாங்க. காசு இருக்கா, எத்தனை மாசத்துக்கு? எந்தக் காலேஜ்? எந்த மாதிரி வழக்கு எடுக்க ஆசை? ஒரு வாரம் லீவு போட்டுட்டு மாவட்ட நீதிமன்றத்துல பின் பெஞ்சுல உட்கார்ந்து பார்த்தியா? இதுல ஒரு கேள்விகூட நாலு டாக்டர்ல ஒருத்தருக்கும் தோணலை. நெஞ்சு வலின்னு வர்றவங்ககிட்ட எப்போ ஆரம்பிச்சது, எங்க பரவுதுன்னு பத்து கேள்வி கேட்கிற ஆளுங்க நாங்க. இங்க ஹிஸ்டரியே எடுக்காம தீர்ப்பு எழுதிட்டோம்.

நேத்து அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லண்ணா, எங்கம்மா இதைவிட மோசமா சொன்னாங்க"ன்னு சிரிச்சாங்க. கோர்ட்டுக்கு ஒரு நாள் போய்ப் பார்த்துட்டு வந்துட்டாங்களாம், ஏற்கெனவே. மூணு மணி நேரம் உட்கார்ந்து நாலு வாய்தா பார்த்தாங்களாம். "போர் அடிச்சுதா?"ன்னேன். "இல்லண்ணா, அஞ்சாவது கேஸ்ல நம்ம ஹாஸ்பிடல் சர்டிபிகேட் வந்துச்சு"ன்னாங்க.

ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்குப் போறேன். அப்பாகிட்ட பேசணும். என்ன சொல்லி ஆரம்பிக்கிறதுன்னு இன்னும் முடிவு பண்ணலை. இந்த மாதிரி வேலை மாத்தினவங்க யாராவது இருந்தா, முதல் ரெண்டு வருஷம் வீட்டுச் செலவை எப்படிச் சமாளிச்சீங்கன்னு கீழே எழுதுங்க. அப்படியே அவர்கிட்ட காட்டுறேன்.