அஞ்சு சொட்டுக் கணக்கு: சிபிடி ஆயில் வாங்கப் போறவங்களுக்கு

1/ சிபிடி ஆயில் பத்தி ஒரு த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க. கஞ்சாச் செடியில இருந்து எடுக்குற, போதை தராத வேதிப்பொருள்தான் சிபிடி. வலி, தூக்கம், பதட்டம், வலிப்புன்னு எல்லாத்துக்கும் ஆன்லைன்ல விக்கிறாங்க. "டாக்டர், எந்த பிராண்ட் காசுக்கேத்த மாதிரி இருக்கும்?"னு அடிக்கடி கேக்குறீங்க. பதிலை முதல்லயே சொல்லிடுறேன். நீங்க வாங்குற அளவுல அது வேலை செய்யும்னு நம்ப ஆதாரம் இல்லை. ஆதாரம் இருக்குற அளவுல உங்களால வாங்கிக் கட்டாது.

2/ போன மாசம் நைட் டியூட்டி. ஆறு வயசுப் பையனை வலிப்போட தூக்கிட்டு ஓடி வந்தாங்க. லோரசிபாம் ஊசி ரெண்டாவது தடவை போட்ட பிறகுதான் நின்னுச்சு. ரெண்டு வருஷமா வால்புரோயேட் சிரப் குடிக்கிற பையன். அரசு மருத்துவமனையில இலவசமா குடுக்குற சிரப். "மருந்து விடாம குடுத்தீங்களாம்மா?"னு கேட்டேன். அந்தம்மா பதில் சொல்லலை. கட்டைப்பையில இருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து நீட்டுனாங்க.

3/ 30 மி.லி. பாட்டில். 3,500 ரூபாய். லேபிள்ல 1000 மி.கி.ன்னு பெருசா போட்டிருக்கு. "தினம் அஞ்சு சொட்டு போதும், இயற்கை, பக்கவிளைவே கிடையாது, அந்த சிரப் குடிச்சா ஈரல் போயிடும்"னு போன்ல ஒருத்தர் சொல்லியிருக்கார். பனியன் கம்பெனியில செக்கிங் வேலை பாக்குறவங்க, கம்மலை அடகு வெச்சு வாங்கியிருக்காங்க. சிரப்பை நிறுத்தி மூணு வாரம் ஆச்சு.

4/ தயவுசெஞ்சு அந்தம்மாவைத் திட்டி கமெண்ட் போடாதீங்க. புள்ளைக்கு தினமும் மருந்து ஊத்துற எந்தத் தாய்க்கும் அந்த பயம் இருக்கும். அந்த பயத்தைக் கேக்க ஓபி வரிசையில எங்களுக்கு ரெண்டு நிமிஷம்கூட கிடைக்கிறதில்லை. போன்ல பேசுனவர் முக்கால் மணி நேரம் பேசியிருக்கார். இதுல எங்க பங்கும் இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா அவர் சொன்னது பொய். அதைக் கணக்குப் போட்டே காட்டலாம்.

5/ முதல்ல உண்மையான பக்கம். சிபிடி வலிப்புக்கு உதவும்ங்கிறது சும்மா கட்டிவிட்ட கதை இல்லை. 2018 ஜூன்ல அமெரிக்காவோட எஃப்டிஏ எபிடியோலெக்ஸ்ங்கிற சிபிடி மருந்துக்கு அனுமதி குடுத்துச்சு. எல்லா வலிப்புக்கும் இல்லை. லெனாக்ஸ்-காஸ்டோ, டிராவே ங்கிற ரெண்டு அரிய, கடுமையான வகைகளுக்கு. 2020-ல டியூபரஸ் ஸ்கிளிரோசிஸால வர்ற வலிப்பும் சேந்துச்சு. அவ்வளவுதான் பட்டியல்.

6/ டிராவே ஆய்வு 2017-ல வந்துச்சு. மாசத்துக்கு நடுவளவா 12 தடவை வந்த வலிப்பு சிபிடி குடுத்ததும் 6 ஆச்சு. வெறும் டம்மி மருந்து குடுத்த பக்கம் பெருசா மாறலை. நல்ல முடிவுதான். ஆனா ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, வலிப்பு முழுசா நின்னவங்க 100-க்கு 5 பேர். ரெண்டு, அந்தப் பிள்ளைங்க ஏற்கனவே எடுத்துட்டிருந்த மருந்துகளோட கூடுதலாத்தான் சிபிடி குடுத்தாங்க. எதையும் நிறுத்திட்டுக் குடுக்கலை.

7/ இப்ப அளவு. அந்த மருந்தை ஒரு நாளைக்கு, உடம்பு எடை கிலோவுக்கு 5 மி.கி.ன்னு ஆரம்பிச்சு 10-க்குக் கொண்டு போவாங்க. தேவைப்பட்டா 20 வரைக்கும். நம்ம பையன் எடை 20 கிலோ. அப்ப 200 மி.கி. வேணும். பாட்டில்ல இருக்குறது மொத்தமே 1000 மி.கி. அஞ்சு நாள்ல காலி. மாசத்துக்கு ஆறு பாட்டில். 21,000 ரூபாய்.

8/ அந்தம்மா குடுத்தது அஞ்சு சொட்டு. ஒரு மி.லி.க்கு சுமார் 20 சொட்டு. கணக்குப் பாத்தா அஞ்சு சொட்டுல 8 மி.கி. 200 வேண்டிய இடத்துல 8. ஒரு பாரசிட்டமால் மாத்திரையை 24 துண்டா உடைச்சு, ஒரு துண்டை மட்டும் குடுத்துட்டு "காய்ச்சல் இறங்கும்"னு சொல்ற மாதிரி.

9/ இதுவும் தாராளமா போட்ட கணக்குதான். லேபிளைத் திருப்பிப் பாத்தேன். பொடி எழுத்துல இருந்தது "விஜயா இலைச் சாறு 1000 மி.கி." சாறுன்னா இலையோட மொத்தப் பிழிவு. அதுல சிபிடி எத்தனை மி.கி.ன்னு எங்கயும் இல்லை. ஒரு கிலோ கரும்புல ஒரு கிலோ சர்க்கரையா இருக்கும்?

10/ சிபிடின்னே எழுதியிருந்தா நம்பலாமா? அமெரிக்காவுல ஆன்லைன்ல விக்கிற 84 பொருட்களை வாங்கி லேப்ல சோதிச்சு, 2017-ல ஜாமா இதழ்ல வெளியிட்டாங்க. லேபிளும் சரக்கும் ஒத்துப்போனது 26-ல மட்டும். மத்ததுல ஒண்ணு குறைவு, இல்லைன்னா அதிகம். 18 பொருட்கள்ல போதை தர்ற டிஎச்சி இருந்துச்சு. இன்னொண்ணு, ஹெம்ப் சீட் ஆயில்னு விக்கிறது விதையில இருந்து எடுக்குற சமையல் எண்ணெய். அதுல சிபிடி கிட்டத்தட்ட கிடையாது. "ஹெம்ப்"ங்கிற பேரைப் பாத்து ஏமாறாதீங்க.

11/ "வலிப்பை விடுங்க டாக்டர், எனக்கு மூட்டு வலிக்குத்தான்." சரி. வலிக்கு சிபிடி குடுத்து நடந்த 16 ஆய்வுகளை ஒண்ணா வெச்சுப் பாத்தாங்க. 15-ல டம்மி மருந்தை விட மேலா எதுவும் தெரியலை. பதட்டத்துக்கு? பிரேசில்ல நடந்த சின்ன ஆய்வுகள்ல ஓரளவு பலன் தெரிஞ்சது. அங்க குடுத்தது ஒரே வேளைக்கு 300 மி.கி., 600 மி.கி. நம்ம பாட்டில் விலைக்கு 300 மி.கி.ன்னா ஒரு வேளைக்கு 1,050 ரூபாய். ஒரு இன்டர்வியூ பதட்டத்துக்கு ஆயிரம் ரூபாய் தருவீங்களா?

12/ "எனக்குக் கேட்டுச்சு டாக்டர்"னு சொல்றவங்க பொய் சொல்றதா நான் சொல்லலை. மூட்டு வலி தானா ஏறும், தானா இறங்கும். அதிகமா வலிக்கிறப்பதான் 3,500 ரூபாய் எடுத்து வைப்போம். அடுத்த வாரம் வலி தானா இறங்கும், பேர் பாட்டிலுக்குப் போகும். இதைப் பிரிச்சுப் பாக்கத்தான் டம்மி மருந்தோட ஒப்பிடுறது.

13/ "பக்கவிளைவே இல்லை"ங்கிறதும் பொய். வேலை செய்யுற அளவுல குடுத்தா தூக்கக் கலக்கம், வயித்துப்போக்கு, ஈரல் என்சைம் ஏத்தம் வரும். அந்த ஈரல் பிரச்சினை வால்புரோயேட்டோட சேந்தா இன்னும் அதிகம். குளோபசாம் எடுக்குறவங்களுக்கு அந்த மருந்தோட வீரியத்தைக் கூட்டும். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் எடுக்குறவங்களுக்கு ரத்தக்கசிவு அபாயம். பிரிட்டன்ல உணவு தர நிறுவனம் 2023 அக்டோபர்ல, ஆரோக்கியமான பெரியவங்களே ஒரு நாளைக்கு 10 மி.கி.க்கு மேல எடுக்க வேண்டாம்னு சொல்லிடுச்சு. அதுக்கு முன்னாடி 70-னு சொல்லியிருந்தாங்க.

14/ இப்ப ரெண்டையும் சேத்துப் பாருங்க. நீங்களா வாங்கிக் குடிக்கலாம்னா 10 மி.கி. பலன் தெரிஞ்சது நூறு நூறா மி.கி. குடுத்தப்ப. நடுவுல இருக்குற இடைவெளியிலதான் இந்த வியாபாரமே நடக்குது.

15/ "அலோபதி டாக்டர், ஆயுர்வேதத்தைத் தாக்குறீங்க"ன்னு வருவீங்க, தெரியும். நம்ம 1985 போதைப்பொருள் சட்டம் கஞ்சான்னு சொல்றது பூவும் காயும் உள்ள நுனியை. தனி இலை அந்த வரையறைக்குள்ள வராது. அந்த வழியில ஆயுர்வேத லைசென்ஸ் வாங்கி இலைச் சாறு விக்கிறாங்க. ஆயுர்வேதத்துக்குன்னு சட்டமே வெச்சிருக்குற நச்சுப் பொருள் பட்டியல்ல பாங்கு இருக்கு. மருத்துவ மேற்பார்வையிலதான் எடுக்கணும்னு லேபிள்ல எச்சரிக்கை போடணும். முறையா படிச்ச ஆயுர்வேத டாக்டர் நாடி பாக்காம, நோயாளியைப் பாக்காம போன்ல சொட்டுக் கணக்கு சொல்ல மாட்டார். லைசென்ஸ் ஆயுர்வேதத்தோடது, காட்டுற ஆய்வு அமெரிக்காவோடது, அந்த அஞ்சு சொட்டு ரெண்டுலயும் இல்லாதது.

16/ வலிப்பைக் குணமாக்கும்னு விளம்பரம் பண்றது 1954 சட்டப்படி குற்றம். அதனாலதான் சிலர் பாட்டில்ல எழுத மாட்டாங்க, போன்ல சொல்லுவாங்க.

17/ அதனால "மி.கி.க்கு எவ்வளவு ரூபாய்"னு நாலு பிராண்டை ஒப்பிடாதீங்க. மூணு கேள்வி கேளுங்க. லேபிள்ல இருக்குறது சிபிடியா, சாறா, விதை எண்ணெயா? அந்த பேட்ச்சுக்கு வெளி லேப் ரிப்போர்ட் இருக்கா? என் நோய்க்கு எந்த அளவுல பலன் தெரிஞ்சுது, அந்த அளவுக்கு மாசம் எவ்வளவு ஆகும்? மூணாவது கேள்வியிலயே பெரும்பாலும் முடிவு தெரிஞ்சிடும்.

18/ ஏற்கனவே குடிக்கிறீங்கன்னா உங்க டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. திட்டினா திட்டட்டும். வலிப்பு மருந்தை மட்டும் நீங்களா நிறுத்தவே நிறுத்தாதீங்க. ஈரல் பயம் இருந்தா கேளுங்க, ரத்தப் பரிசோதனை பண்ணிப் பாப்போம். அரசு மருத்துவமனையில அதுவும் இலவசம்.

19/ பையன் மூணாம் நாள் வீட்டுக்குப் போனான். சிரப் திரும்ப ஆரம்பிச்சாச்சு. போகும்போது அந்தம்மா கேட்டாங்க: "மீதி இருக்குறதைத் திருப்பிக் குடுத்தா காசு தருவாங்களா டாக்டர்?" பாட்டில்லயே எழுதியிருந்துச்சு, திறந்த பாட்டில் திரும்பப் பெறப்படாதுன்னு. கம்மல் இன்னும் அடகுலதான் இருக்கு. இன்னொரு அம்மா அந்த நம்பருக்கு போன் போடுறதுக்கு முன்னாடி இதை அவங்க கண்ணுல படுற மாதிரி பண்ணுங்க.